இளநீர் மேல் போட்ட பழி

மருந்துத் தாளின் கடைசிப் பக்கத்தில் ‘தேவைப்பட்டால்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. இளம் தாதிகள் நீங்கள் எல்லாரும் அதைப் பி.ஆர்.என். என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறீர்கள். எனக்கு என் பணிக்காலம் முழுவதும் பிடித்த பக்கம் அதுதான். வேளாவேளைக்குக் கொடுக்கிற மருந்தைக் கடிகாரம் பார்க்கத் தெரிந்த யாரும் கொடுத்துவிடலாம். தேவைப்பட்டால் கொடுக்கிற மருந்துக்குத்தான் தாதிக்கு மூளை வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் அது தாராளமாக இருப்பதாகவும் நினைத்தேன். இந்த இரண்டாவது நினைப்பு எப்படிக் கவிழ்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது. அதாவது, கற்றுக்கொள்கிற வயதையெல்லாம் தாண்டிவிட்டோம் என்று நானே முடிவு கட்டியிருந்த காலம். வட சிலாங்கூரில் ஒரு மருத்துவமனை, ஆண்கள் அறுவைப் பிரிவு. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். தவறு என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல.

நோயாளியின் பெயர் சவரிமுத்து. கலும்பாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண்டோராக இருந்தவர். ஆட்களை வேலை வாங்கி வாங்கி, யாரைப் பார்த்தாலும் வேலை சொல்லும் பழக்கம் அவருக்கு ஊறிவிட்டிருந்தது. வார்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம், தரை துடைப்பவரிடம் கட்டிலுக்கு அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார். தோட்ட வேலை முடிந்தபிறகு தஞ்சோங் காராங்கில் மகள் வீட்டில் மனைவி லூர்தம்மாவோடு இருந்தார். பித்தப்பையில் கல். வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கூடவே பல வருடத்து ஆஸ்துமா.

வார்டில் சேர்த்த அன்று நான்தான் உட்கார்ந்து விவரம் எழுதினேன். ஏதாவது மருந்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். மண்டோர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இளநி ஆகாது மிஸ்ஸி. தேங்கா எதுவுமே ஆகாது. குடிச்சா இழுத்துக்கும். ரெண்டு வாட்டி சாவக் கெடந்தேன்.”

எங்கள் பக்கத்து வயதானவர்களுக்குத் தாதிகள் எல்லாருமே மிஸ்ஸிதான். நான் சிரித்துவிட்டேன். உடம்புச் சூடு, குளிர்ச்சி, வாயு என்று ஒவ்வொருவரும் ஒரு காயையோ கிழங்கையோ குற்றவாளியாக்கி வைத்திருப்பார்கள். வாழைப்பழம் சாப்பிட்டால் கால் மரத்துப்போகும் என்பவரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இளநீரையே எதிரியாக்கியவரை அன்றுதான் பார்த்தேன். தஞ்சோங் காராங்கில் இருந்துகொண்டு தேங்காய் ஆகாது என்றால், சாலையோரத்து இளநீர்க் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உங்களை ஊரை விட்டு அனுப்பிவிடுவார்களே அண்ணே என்றேன். அவரும் லேசாகச் சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். மருந்து என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். சாப்பாடு என்ற கட்டத்தில் ‘தேங்காய், நோயாளியின் கூற்றுப்படி’ என்று கொஞ்சம் அலங்காரமாக எழுதிவைத்தேன். சாயங்காலத்துக்குள் வார்டு முழுவதும் அவர் ‘இளநீர் மண்டோர்’ ஆகிவிட்டார். அந்தப் பெயரை வைத்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

அவருக்குக் கிடைத்த கட்டில் பாக் மாட்டுக்குப் பக்கத்தில். பாக் மாட் சுங்கை செம்பிலாங் மீனவர். திருக்கை முள் காலில் ஏறி, புண் ஆறாமல் வந்து படுத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் அவரைப் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டுவர மாட்டார்கள், கருவாடு கொண்டுவருவார்கள். அவர் கட்டிலோரத்து அலமாரியின் வாசனை தாங்காமல் அதற்கு முன் இரண்டு பேர் கட்டில் மாற்றிக் கேட்டிருந்தார்கள். மண்டோரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, தனக்குப் பல வருடமாக மூக்கு அடைப்பு, எந்த வாசனையும் தெரியாது என்றார். இதைவிட நல்ல பக்கத்து வீட்டுக்காரர் கிடைப்பாரா என்று பாக் மாட்டிடம் மலாயில் சொல்லி அதற்கும் சிரித்தோம். இப்படியாக மண்டோர் தன்னைப் பற்றி இரண்டு முக்கியமான தகவல்களைக் கொடுத்திருந்தார். இரண்டையும் நான் வேடிக்கையாகச் செலவழித்துவிட்டேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை, பயிற்சி டாக்டர் வந்து ‘தேவைப்பட்டால்’ பக்கத்தை எழுதினார். கிள்ளானிலிருந்து வந்த பெண். பேச்சு குறைவு, கையெழுத்து அழகு. மூச்சு இழுத்தால் ஆவி மருந்து, வலிக்குப் பாரசிட்டமால், அதற்கும் அடங்காவிட்டால் டைக்ளோபெனாக், வாந்திக்கு ஒன்று, தூக்கம் வராவிட்டால் ஒன்று. தூக்க மருந்தில் நான் விரலை வைத்தேன். ஆஸ்துமாக்காரர் படுக்கையில் புரண்டால் முதலில் மூச்சைப் பார்க்கவேண்டும் டாக்டர், தூக்க மருந்து கொடுத்தால் புரளுவதும் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும் என்றேன். டாக்டர் உடனே அதை அடித்தார். கௌண்டரில் இருந்த புதுப் பிள்ளைகள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். எனக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

டாக்டரின் பேனா டைக்ளோபெனாக்கில் நின்றது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அந்த வகை வலி மாத்திரைகள் மூச்சை இழுத்துவிடும், ஒத்துக்கொள்பவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அதனால் முன்பு அப்படி ஏதாவது சாப்பிட்டு இழுத்திருக்கிறதா என்று அவரிடம் கேட்டீர்களா சிஸ்டர் என்றார்.

“கேட்டாச்சு டாக்டர். இளநிதான் ஆகாதாம்” என்றேன்.

கௌண்டர் முழுவதும் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருட அனுபவம் உள்ள சிஸ்டர் கேட்டாகிவிட்டது என்று சொல்லும்போது, வந்து சில மாதமே ஆன பிள்ளை என்ன செய்யும். கையெழுத்துப் போட்டார். நான் கேட்டது, ஏதாவது மருந்து ஆகாதா என்று. அவர் கேட்டது, வலி மாத்திரை சாப்பிட்ட பிறகு என்ன ஆயிற்று என்று. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்குப் பதில் சொன்னேன்.

அடுத்த சிக்கல், மண்டோர் வலிக்கிறது என்று சொல்லவே மாட்டார். வெள்ளை உடுப்பைக் கண்டால் தோட்டத்துப் பழைய ஆட்களுக்கு ஒரே வார்த்தைதான் வரும்: “பரவால்ல மிஸ்ஸி.” தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரஸரிடம் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை, கொடுத்தால் வாங்கிக்கொண்டுதான் பழக்கம். இவரோ மண்டோர் வேறு. வலியைச் சொன்னால் கௌரவம் என்ன ஆவது. ஆனால் வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் ஆஸ்துமாக்காரருக்குச் சளி நெஞ்சிலேயே தங்கிவிடும். பூ மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு, அசையாமல் படுத்திருந்தார். பாரசிட்டமால் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

எனக்கு இதற்கென்று ஒரு வித்தை உண்டு. கட்டில் பக்கம் போய், பக்கத்து வார்டில் ஒருவர் பொய்ப்பல்லைக் காணோம் என்று ஒரு காலை முழுக்கத் தேடவைத்து, கடைசியில் அது அவர் வாயிலேயே இருந்த கதையை நடித்துக் காட்டினேன். பாக் மாட்டுக்குத் தமிழ் புரியாது, ஆனாலும் என் வாயைப் பார்த்தே சிரித்தார். மண்டோர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் முகம் கோணியது, அவர் கை கட்டுப்போட்ட வயிற்றுக்குப் பறந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். வலி இருக்கிறதா அண்ணே என்றேன். லேசா, என்றார். மண்டோர் பாஷையில் லேசா என்றால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். கஞ்சி குடித்து முடித்ததும், பன்னிரண்டு மணிக்கு, டைக்ளோபெனாக் மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். வலியை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று புதுப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

பார்வையாளர் நேரம் தொடங்கியது. பாக் மாட்டின் மகள் அன்று கருவாட்டுக்குப் பதிலாகச் சீவிய இளநீர் இரண்டு கொண்டுவந்தாள். அப்பாவுக்கு ஒன்று, கண்ணை மூடிப் படுத்திருந்த பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒன்று. பாவம், அவளுக்கு எங்கள் வேடிக்கை எதுவும் தெரியாது. மண்டோரின் அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் லூர்தம்மாவும் மருமகனும் வந்தார்கள்.

ஒரு மணி இருக்கும். லூர்தம்மா கௌண்டருக்கு ஓடிவந்தார்.

“மிஸ்ஸி, இளநி குடுத்துட்டாங்க. இழுக்குது அவருக்கு.”

ஓடினேன். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இழுப்புச் சத்தம் வாசல் வரை கேட்டது. அந்தப் பக்கம் பாக் மாட்டின் மகள் அழுதுகொண்டிருந்தாள். பாக் மாட் புண் காலோடு கட்டிலை விட்டு இறங்கி, மன்னித்துவிடுங்கள் என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். மருமகன் கைத்தொலைபேசியை வாய்க்கு அருகே பிடித்து, பழைய தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு, ஆப்பரேஷன் செய்தவர்கள் யாரும் இளநீர் பக்கமே போகாதீர்கள் என்று குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

நிமிர்த்தி உட்காரவைத்தோம். ஆக்சிஜன் வைத்தோம். ஆவி மருந்து ஏற்கெனவே எழுதியிருந்ததால் காத்திருக்காமல் தொடங்கினோம். டாக்டருக்குச் சொல்லியனுப்பினேன். மண்டோர் முகமூடியைப் பிடுங்கி எறியப் பார்த்தார், வயிற்றைப் பிடித்தார், கட்டிலில் துள்ளினார். என் பக்கத்தில் நின்ற புதுத் தாதி, வலி தாங்காமல்தான் இப்படித் துடிக்கிறார் போலிருக்கிறது சிஸ்டர், டாக்டரிடம் கேட்டு இன்னொரு டைக்ளோபெனாக் கொடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள். கெட்ட யோசனை என்று அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். வலியைக் கண்டுபிடிப்பது பற்றி நான் பெருமையாகக் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள்.

அதற்குப் பதில் சொல்லத் திரும்பியபோது என் கண் அலமாரி மேல் இருந்த இளநீரில் பட்டது. விளிம்புவரை இருந்தது. உறிஞ்சுகுழல் காகித உறையோடு அப்படியே பக்கத்தில் கிடந்தது.

நான் குனிந்து மண்டோரின் கண்ணைப் பார்த்து, குடித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அந்த மதியம் அவர் வாய்க்குள் புதிதாகப் போனது ஒன்றே ஒன்று. அது என் கையால் போனது.

டாக்டர் ஓடிவந்தார். லூர்தம்மா இளநீர் என்று ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“இளநி இல்ல டாக்டர். பன்னெண்டு மணிக்கு நான் குடுத்த மாத்திர.”

டாக்டர் உடனே பெரிய டாக்டரைக் கூப்பிட்டார், ஊசி போட்டார், மறுபடி ஆவி மருந்து கொடுத்தார். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிந்த வேலைதான். ஆனால் பக்கத்தில் நிற்கும்போது அது தெரிந்த வேலையாக இல்லை. ஒவ்வொரு மூச்சையும் நானே இழுத்துவிடுவது போல எண்ணிக்கொண்டு நின்றேன். மற்ற பார்வையாளர்கள் கலைந்து போன பிறகுதான் தோள் ஏறுவது குறைந்தது. அப்புறம் முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, தண்ணி வேணும் என்றார். என் வாழ்நாளில் ஒருவர் எனக்கு வேலை சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். மூச்சு அடங்கியதும், வார்டு முழுவதும் குற்றவாளியைக் கண்டுபிடித்த நிம்மதியில் இருந்தது. அவசரத்தில் நான் டாக்டரிடம் சொன்னது வேறு யார் காதிலும் ஏறவில்லை. இளநீர்தான் என்று லூர்தம்மாவுக்கு நிச்சயம், மருமகனுக்கு நிச்சயம், கலும்பாங் வரை வாட்ஸ்அப் குழுவுக்கும் நிச்சயம். லூர்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லேன்னா இவர் இல்ல மிஸ்ஸி என்று அழுதார். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் போதும். மருந்துத் தாளில் அந்த மாத்திரையை அடித்து ஒரு வரி எழுதிவிட்டு, நானும் டாக்டரும் தப்பித்துவிடலாம். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இளநீர் வந்து மறுத்துப் பேசப்போவதும் இல்லை.

உண்மையாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு இன்னொன்றும் தோன்றியது. இந்த மனிதர் வீட்டுக்குப் போவார். தேங்காய் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஒருநாள் இடுப்பு வலிக்கும். ஏதாவது கிளினிக்கில் இதே மாத்திரையைக் கொடுப்பார்கள். கூட ஆக்சிஜனும் நாலு பேரும் இல்லாத இடத்தில் விழுங்குவார். அப்போது பழியைத் தாங்க இளநீர்கூடப் பக்கத்தில் இருக்காது.

டாக்டரையும் அழைத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். முந்தைய இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று லூர்தம்மாவிடம் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். முதல் தடவை தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது. பல் வலி, டிரஸர் மாத்திரை கொடுத்திருக்கிறார், வீங்கிய தாடைக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை லோரியிலிருந்து இறங்கும்போது வழுக்கி இடுப்பில் அடி. கிளினிக் மாத்திரை. அன்று இளநீர் குடிக்கவில்லை, ஆனால் மீன் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தது. அதனால் அன்றோடு வீட்டில் தேங்காயே கிடையாது. டாக்டர் மெதுவாக, மூக்கு அடைப்பும் வாசனை தெரியாததும் எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஆஸ்துமாவோடு அதுவும் இருந்தால் இந்த மாத்திரைகளில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்று சொன்னார். பாக் மாட்டின் கருவாட்டு அலமாரி என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

“அம்மா, இளநி மேல தப்பு இல்ல. இன்னிக்கு நான் குடுத்த மாத்திர. முன்னாடி ரெண்டு தடவையும் மாத்திரதான். நான் சரியா கேட்டிருந்தா இது நடந்திருக்காது.”

லூர்தம்மா என் கையை விட்டுவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கணவர் பக்கம் திரும்பினார்.

“அப்போ இத்தன வருசமா நான் எதுக்குத் தேங்கா இல்லாம சமைச்சேன்?”

மண்டோர் முகமூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போட்டுக்கொண்டார். அன்று அவருக்கு அது இரண்டு விதத்தில் உதவியது.

பிறகு என் பெயரிலேயே சம்பவ அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நான் எழுதிய ‘இல்லை’யை அடித்து, சிவப்பில் மாத்திரையின் பெயரையும் அதன் வகையையும் எழுதினோம். பர்ஸில் வைத்துக்கொள்ள அட்டை ஒன்றும் கொடுத்தோம். ‘தேவைப்பட்டால்’ பக்கத்தை டாக்டர் மறுபடி எழுதினார். மருந்தைக் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர் என்பதால் பாரசிட்டமால் வேளாவேளைக்கு மாறியது. அதற்கும் அடங்காவிட்டால் வேறு வகை வலி மருந்து, சிறிய அளவில், மூச்சைக் கவனித்துக்கொண்டே. மருமகன் வாட்ஸ்அப் குழுவுக்குத் திருத்தம் அனுப்பினார். ஆனால் முதல் செய்தியின் வேகம் அதற்கு இல்லை. கலும்பாங் பக்கம் இன்னும் யாராவது ஆப்பரேஷனுக்குப் பிறகு இளநீர் குடிக்கமாட்டேன் என்றால், அதற்கும் நான்தான் பொறுப்பு.

வீட்டுக்குப் போகும் நாள் காலையில், பெரிய டாக்டரின் அனுமதியோடு, வார்டிலேயே மண்டோருக்கு இளநீர் கொடுத்துப் பார்த்தோம். பாக் மாட்டின் மகள்தான் கொண்டுவந்தாள். அவளுக்கு அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. ஆவி மருந்து பக்கத்தில் தயாராக, டாக்டர் ஒருபுறம், நான் ஒருபுறம். மண்டோர் ஜெபம் சொல்லிவிட்டு ஒரு மடக்குக் குடித்தார். காத்திருந்தோம். இன்னொரு மடக்கு. மறுபடி காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு யாரையும் கேட்காமல் முழுவதையும் குடித்து, கரண்டி வாங்கி வழுக்கையையும் வழித்துச் சாப்பிட்டார். பாக் மாட் கைதட்டினார். மண்டோர் அவரிடம், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் இளசாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள் என்று மலாயில் வேலை சொன்னார்.

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, மன்னிப்புக் கேட்டேன். ஏற்கெனவே கேட்டிருந்தேன், இன்னொரு முறையும் கேட்கவேண்டும் போல இருந்தது. அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார், குத்துவதற்காக அல்ல.

“நீங்க என்னா செய்வீங்க மிஸ்ஸி. பல்லு வலி, டிரஸர் மாத்திர எல்லாத்தையும் அன்னிக்கே சொல்லத்தான் வந்தேன். நீங்க சிரிச்சீங்க. சரி, அவ்ளோ பெரிய விசயமில்ல போலன்னு விட்டுட்டேன்.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டிலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், கையில் சேர்க்கைத் தாளோடு. ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். பலாப்பழம் சாப்பிட்டால் காது அடைக்கும் என்றார். உதடு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்னிக்கு வேற என்ன சாப்பிட்டீங்க அண்ணே என்று கேட்டேன்.